இலையில் முளைக்கும் அல்லி: ஒரு சொல் வேண்டும்

திருநெல்வேலி
யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக் குளங்களில் அயனமண்டல அல்லி வளர்ப்பது பற்றிய கைந்நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன். சில அல்லிகளில் காம்பு வந்து சேரும் இடத்தில், இலையின் மேற்புறம் புடைத்து, சின்ன இலைகளும் வேரும் விடும். தாயிலை அழுகியதும் தனிச்செடியாக மிதந்து போய்விடும். மேற்கு ஆபிரிக்க நிம்பேயா மைக்ராந்தாவிலும் அதன் வழிவந்த டோபன் போன்ற கலப்பினங்களிலும் இது வழமை. விவிபரஸ் என்கிறார்கள். அந்தக் குஞ்சுச் செடிக்கு என்ன பெயர் வைக்கலாம்?

சுன்னாகம்
அக்கா, விவிபரஸை அப்படியே தமிழாக்கினால் மாட்டிக்கொள்வீர்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அதைக் கடலோரக் கண்டல் மரத்தோடு சேர்த்துத்தான் படிக்கிறார்கள். கண்டலில் தாய்மரத்தில் தொங்கும்போதே வித்து முளைக்கிறது. அல்லியிலோ விதையே இல்லை, இலைக் கலங்களிலிருந்து வருகிறது, பதியமுறை இனப்பெருக்கம். இலைக்குட்டி என்று போடுங்கள். வாழைக்குட்டி தெரிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை.

கோப்பாய்
குட்டி நாய்க்கும் பூனைக்கும். ஓரறிவுயிரின், அதாவது செடிகொடிகளின், இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்று தொல்காப்பிய மரபியல் நான்கு பெயர் தந்திருக்கிறது. நெல்லும் புல்லும் மட்டும் விலக்கு. அல்லி இரண்டுமல்ல. ஆகவே இலைப்பிள்ளை. செறிவாக வேண்டுமானால் கொப்பூழ்க்குழவி; இலையின் கொப்பூழில்தானே பிறக்கிறது? கொப்புளம், கொப்பளி, கொப்பூழ் எல்லாம் புடைத்தலை வேராகக் கொண்டவை என்பது என் துணிபு.

சென்னை
ஐயா, அதே மரபியல் புறத்தே வைரமுள்ளதை, அதாவது தண்டின் வெளிப்புறம் கெட்டியாக இருப்பதை, புல் என்கிறது. அப்படிப் பார்த்தால் தென்னையும் புல். தென்னம்பிள்ளை என்று நாம் எல்லோரும் சொல்வது பிழையா? எங்கள் பக்கம் வாழைக்கன்றுதான். குட்டி என்றால் இங்கே 'சின்ன' என்று எடுத்துக்கொள்வார்கள். இலைக்கன்று நல்லது.

சுன்னாகம்
உங்கள் பக்கத்தில்தானே ரணகள்ளிக்குக் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று பெயர்? அதுவும் இலையில் முளைப்பதுதான். அங்கேயும் குட்டிதான்.

நல்லூர்
திருமாலின் உந்தியில் தாமரை, அல்லியின் உந்தியில் அல்லி. உந்தியல்லி என்றால் என்ன? அப்புறம், நம் இலங்கையின் தேசியப்பூ நீலோற்பலத்தைக் கைந்நூலில் எப்படி எழுதுகிறீர்கள்? குவளை என்றா, நெய்தல் என்றா?

திருநெல்வேலி
அந்தக் குவளை வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம், தயவுசெய்து. உந்தியல்லி அழகுதான். ஆனால் இதை வாசிக்கப்போகிறவர் சீமெந்துத் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு நிற்பவர். வேர் விட்டதும் தாயிலையோடு சேர்த்து நறுக்கு, சின்னச் சட்டியில் களிமண்ணில் வை, குருத்தை மண்ணால் மூடாதே, ஆழமில்லாத தண்ணீரில் வெயில் படவிடு என்று அவருக்குச் சொல்லவேண்டும். 'கொப்பூழ்க்குழவியை நறுக்கு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஐயா. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் இலைக்குட்டிக்குத்தான் ஆள் கூட. அதையே கொடுத்துவிட்டேன். சொல்லடைவில் இலைக்கன்றும் இருக்கும்.

கோப்பாய்
சொல்லடைவில் கன்றுக்கு இடமிருந்தால் பிள்ளைக்கும் இருந்திருக்கும். சரி, அச்சாகட்டும். நன்றியுரையில் என் பெயர் வேண்டாம். தென்னை புல்லா என்ற கேள்விக்கு நாளை விரிவாக எழுதுகிறேன், உரையாசிரியர்களைப் பார்க்கவேண்டும்.