உஸுமாகி: மாங்காவைத் தொடர்வதா, அனிமேவைப் பார்ப்பதா?

நள்ளிரவு வாசகி கேட்கிறார்:

ஜுன்ஜி இட்டோ எழுதி வரைந்த ‘உஸுமாகி’ என்னும் மாங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதையின்) முதல் தொகுதியை அண்மையில் படித்து முடித்தேன். குரோஸு என்னும் சிற்றூரைப் பீடிக்கும் சாபம் பேயாகவோ கொலைகாரனாகவோ வராமல் வெறும் சுழல் வடிவமாக வருவதை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை. கதைநாயகி கிரியேயின் காதலன் ஷூயிச்சியின் தந்தை தெருவோரச் சுவரில் ஊரும் நத்தையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் தொடக்கக் காட்சியில் அச்சப்பட எதுவுமே இல்லை. ஆனாலும் அதைக் கடந்து போக முடியவில்லை. மீதமுள்ள இரண்டு தொகுதிகளை வாங்கலாமா, அல்லது 2024இல் வந்த அனிமேவிலேயே (அசைவுப்படத் தொடரிலேயே) கதையை முடித்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். முதல் பகுதியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். நான்கே பகுதிகள் உள்ள தொடரில் அப்படி என்ன நேர்ந்தது? முடிவைச் சொல்லாமல் விளக்கினால் மகிழ்வேன்.

கருமசி எழுதுகிறார்:

அந்த அறிவுரையின் பின்னணி இதுதான். அமெரிக்கத் தொலைக்காட்சியான அடல்ட் ஸ்விம்மும் ஜப்பானிய அனிமே நிறுவனமான புரொடக்‌ஷன் ஐ.ஜி.யின் அமெரிக்கக் கிளையும் சேர்ந்து 2019இல் இத்தொடரை அறிவித்தன. 2020இல் வரவேண்டியது, பெருந்தொற்றாலும் வேலையின் கடுமையாலும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய், 2024 செப்டம்பர் 28 அன்றுதான் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ‘முஷிஷி’ அனிமேவை இயக்கிய ஹிரோஷி நாகஹாமா பொறுப்பேற்றார் என்பதாலும், வண்ணமே இல்லாமல் கருப்பு வெள்ளையில், இட்டோவின் கோடுகளை அப்படியே அசையவைக்கப் போகிறார்கள் என்பதாலும் எதிர்பார்ப்பு வானளவு உயர்ந்திருந்தது. முதல் பகுதி அந்த எதிர்பார்ப்பைக் காப்பாற்றியது. முகம் திரும்பும்போது கன்னத்து நிழற்கோடுகளும் சேர்ந்து திரும்புவதைக் கவனியுங்கள். கையால் வரையும் அசைவுப்படத்தில் எவரும் எளிதில் கைவைக்காத வேலை அது.

இரண்டாம் பகுதியில் இயக்குநரின் பெயரே மாறிவிட்டது. அசைவுகள் மொண்ணையாகின, உடல்களின் கனம் போயிற்று, ஓடுகிறவர்கள் தரையில் கால் பாவாமல் மிதப்பதுபோல் தெரிந்தார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்ததும், தயாரிப்புப் பொறுப்பில் இருந்த ஜேசன் டிமார்கோ வெளிப்படையாகவே பேசினார். எதையும் வெளியிடாமல் கைவிடுவது, முதல் பகுதியை மட்டும் வெளியிட்டு நிறுத்துவது, குறைகளோடு நான்கையும் வெளியிடுவது என்னும் வழிகளே இருந்தன என்றும், உழைத்தவர்களை மனத்தில் வைத்து மூன்றாவதைத் தேர்ந்தோம் என்றும் அவர் சொன்னதன் சாரம். அந்த முடிவில் எனக்குக் குறையில்லை. ஆனால் ‘இட்டோவின் கதைகளைத் திரைக்குக் கொண்டுவரவே முடியாது’ என்று ஏற்கெனவே சொல்லிவந்தவர்களுக்கு அது ஆதாரமாகப் போய்விட்டதே என்ற வருத்தம் உண்டு.

தாள்திருப்பி எழுதுகிறார்:

முடியாது என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவன். பணமும் காலமும் தாராளமாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். இட்டோவின் அச்சம் தாளின் அமைப்பில் இருக்கிறது. ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போவதால், இடப்பக்கத்தின் கீழ்மூலையில் உள்ள கட்டம்தான் தாளைத் திருப்புவதற்கு முன் நாம் கடைசியாகப் பார்ப்பது. அந்தக் கட்டத்தில் யாரோ ஒருவர் எதையோ கண்டு வாயடைத்து நிற்பார். அவர் கண்டது அடுத்த பக்கத்தில், பெரும்பாலும் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு இருக்கும். திருப்புவதும் திருப்பாமல் புத்தகத்தை மூடிவைப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன. திருப்பினால் அதற்கு நாமும் உடந்தை. ஷூயிச்சியின் தந்தை வட்டமான மரத்தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். எலும்புகள் எப்படி அப்படி வளைந்தன என்று கண் அந்தச் சுருளின் வழியே நடுப்புள்ளி வரை தானாகவே பயணம் செய்கிறது, பிறகு வெளியே வரமுடியாமல் தவிக்கிறது. அவருக்கு நேர்ந்ததேதான் சிறிய அளவில் வாசகருக்கும் நேர்கிறது. திரையிலோ அதே காட்சி சில விநாடிகளில் தானாக வந்து தானாகப் போய்விடும்.

கோடுகளையும் சொல்லவேண்டும். பல் தொழில்நுட்பராக வேலை பார்த்துக்கொண்டே 1987இல் ‘டோமியே’ மாங்காவுடன் வரையத் தொடங்கியவர் இட்டோ. மயிரிழை போன்ற கோடுகளைப் பொறுமையாக அடுக்கி அவர் உண்டாக்கும் கருமையில் ஒருவித ஈரப்பிசுக்கு இருக்கும். 2018இல் வந்த ‘ஜுன்ஜி இட்டோ கலெக்‌ஷன்’ அனிமேவில் அந்தக் கோடுகளை வழித்தெடுத்துவிட்டுத் தட்டையாக வண்ணம் பூசியபோது, மிஞ்சியது கதைச்சுருக்கம் மட்டுமே. சுருக்கமாகச் சொன்னால் இட்டோவின் கதைகளில் பாதி சிரிப்பை வரவழைக்கும். சுழலைப் பார்த்து ஓர் ஊரே பித்தாகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

சித்திரச்சாலை எழுதுகிறார்:

தாள் திருப்புவதைப் பற்றி மேலே சொன்னது சரிதான். ஆனால் அசைவுக்கென்று தனியாக ஓர் அச்சம் இருப்பதை நண்பர் தாள்திருப்பி கணக்கில் எடுக்கவில்லை. அந்தத் தந்தையின் இரு கண்களும் தனித்தனியாகச் சுழலும் இடத்தைப் புத்தகத்தில் நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அனிமேயின் முதல் பகுதியில் அது கண்ணெதிரே நடக்கிறது, அதுவும் அவசரமே இல்லாமல். மெதுவான அந்த வேகம்தான் வயிற்றைப் பிசைகிறது. கூடவே காலின் ஸ்டெட்சனின் இசை. ‘ஹெரிடிட்டரி’ படத்துக்கு இசையமைத்தவர், சாக்ஸபோனை மூச்சுவிடாமல் ஊதுவதில் பேர்பெற்றவர். ஒரே சுரவரிசை திரும்பத்திரும்ப ஏறி வட்டமிடும்போது, சுழலைக் காதால் கேட்பதுபோலவே இருக்கிறது. இது எந்தத் தாளிலும் கிடைக்காது.

என் குறை வேறு. எல்லோரும் இரண்டாம் பகுதியின் சித்திரத்தையே திட்டுகிறார்கள். உண்மையான கோளாறு முதல் பகுதியிலேயே தொடங்கிவிட்டது. அழகாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. பத்தொன்பது அத்தியாயங்களை நான்கு பகுதிகளுக்குள் அடைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் இரண்டு மணி நேரம்கூட வராது. மாங்காவில் தனித்தனியாக நின்ற சம்பவங்கள் இங்கே ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஒரே நேரத்தில் நடக்கின்றன. மாங்காவில் ஒரு கொடுமை முடிந்ததும் அடுத்த அத்தியாயத்தில் கிரியே ஒன்றுமே நடவாததுபோல் பள்ளிக்குப் போவாள். 1998இலும் 1999இலும் ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ இதழில் தொடராக வந்ததால் அமைந்த வடிவம் அது என்றாலும், ஊர்க்காரர்கள் எதையும் மறந்துவிட்டு அங்கேயே வாழ்வதுதான் இக்கதையில் எனக்கு மிகவும் அச்சமூட்டுவது. ஷூயிச்சி ஒருவன்தான் ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று மன்றாடுகிறான். அவனைத்தான் பித்தன் என்கிறார்கள். அனிமேயில் அந்த மறதிக்கு நேரமே தரப்படவில்லை.

கருமசி எழுதுகிறார்:

இதில் மட்டும் உடன்பட மாட்டேன். கிரியே ஒவ்வொரு முறையும் மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போவது, முதல் வாசிப்பில் எனக்குக் கதையின் ஓட்டையாகவே பட்டது. எல்லாம் ஒருசேர மூளும்போது ஊர் ஏன் தப்பிக்கவில்லை என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. கலந்து சொன்னது சரியான முடிவுதான். அதற்கு எட்டுப் பகுதிகளாவது தந்திருக்கவேண்டும்.

நள்ளிரவு வாசகி எழுதுகிறார்:

அப்படியானால் மாங்காவையே தொடர்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம். எதை நினைத்துச் சுழலைத் தேர்ந்தார் என்று இட்டோ எங்காவது சொல்லியிருக்கிறாரா? முதல் தொகுதியில் காரணமே வரவில்லை.

தாள்திருப்பி எழுதுகிறார்:

சொல்லியிருக்கிறார். நீண்ட பழைய வரிசை வீடுகளில் வாழும் மனிதர்களைப் பற்றி வரையவேண்டும் என்பதே முதல் எண்ணமாம். அவரும் அத்தகைய வீட்டில் வளர்ந்தவர். அந்த வீட்டை மேலும் மேலும் நீட்டுவதற்கு வழி தேடியபோது கொசுவர்த்திச் சுருள் நினைவுக்கு வந்திருக்கிறது. ஜப்பானியச் சிரிப்புச் சித்திரங்களில் கன்னத்தில் போடப்படும் சுழல் கலகலப்பைக் குறிக்கும் அடையாளம் என்பதால், அதையே அச்சமாக மாற்றிப் பார்க்கும் ஆசையும் சேர்ந்துகொண்டது. வரிசை வீடுகள் முதல் தொகுதியிலேயே தலைகாட்டுகின்றன, இரண்டு குடும்பங்களின் காதல் கதையில். அவற்றை மறந்துவிடாதீர்கள், இதற்குமேல் நான் சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.

சித்திரச்சாலை எழுதுகிறார்:

வாங்குவதாக இருந்தால் மூன்று தொகுதிகளும் ஒன்றாக வந்த பெரிய பதிப்பைப் பாருங்கள். அதில் கதை முடிந்தபிறகு, விண்மீன் கூட்டங்களைப் பற்றிய ஓர் அத்தியாயம் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அது முடிவின் தொடர்ச்சி அன்று. கதையின் நடுவே நிகழ்வது. இறுதி அத்தியாயத்தைப் படித்த கையோடு அதற்குள் போகாமல், சில நாள் கழித்துப் படியுங்கள். அனிமேயின் முதல் பகுதியை அதற்கும் பிறகு, காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு பாருங்கள்.