லேண்ட்சாட் 8 படத்தை 15 மீட்டருக்குக் கூர்மையாக்கினால் கடல் கறுத்துப் போகிறது

கேள்வி:
லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் எடுத்த சென்னைப் படம், பாதை 142, வரிசை 51 (படம் எந்த இடம் என்று காட்டும் எண்கள்). 30 மீட்டர் பேண்டுகள் (தனித்தனி அலைநீளத்தில் எடுத்த படங்கள்) 4, 3, 2, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 15 மீட்டர் கறுப்பு வெள்ளை பேண்ட் 8-உடன் ப்ரோவி முறையில் (ஒவ்வொரு வண்ணத்தையும் பேண்ட் 8-ஆல் பெருக்கி, மூன்றின் எடையிட்ட சராசரியால் வகுப்பது) சேர்த்தேன், மூன்றுக்கும் எடை சமம். அண்ணா சாலைப் பக்கம் அருமையாகத் தெளிகிறது. மெரினாவைத் தாண்டினால் கடல் ஒரே இருட்டு. துறைமுகத்தில் ஓடும் கப்பல்களின் ஓரத்தில் வண்ணக் கோடு வேறு. எங்கே தப்பு?

பதில் 1:
எடையில்தான். பேண்ட் 8 வாங்குவது 0.50 முதல் 0.68 மைக்ரான் வரை. நீலம் 0.45-இல் தொடங்கி 0.51-இல் முடிகிறது, அதாவது கிட்டத்தட்ட முழுசும் வெளியே. கடல்மேல் காற்று சிதறடிக்கும் ஒளியால் நீலம் தூக்கலாக இருக்கும். அதற்கும் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் சராசரி பேண்ட் 8-ஐ மிஞ்சிவிடும், வகுத்ததும் படம் இருட்டும். சிவப்பு 0.45, பச்சை 0.45, நீலம் 0.10 வைத்துப் பாருங்க. கூட்டினால் 1 வரணும்.

பதில் 2:
மூலப் படம் வரும் 16 பிட்டிலேயே (ஒவ்வொரு புள்ளியின் ஒளி அளவையும் நுணுக்கமாக வைக்கும் வடிவம்) சேருங்க. கான்ட்ராஸ்ட் ஏற்றுவது, 8 பிட்டாக்குவது எல்லாம் கடைசியில்தான். 30 மீட்டர் பேண்டுகளைப் பெரிதாக்க க்யூபிக் (அக்கம்பக்கப் புள்ளிகளைக் கலந்து கணக்கிடும் முறை) போடுங்க, நியரஸ்ட் நெய்பர் (அருகிலுள்ள ஒரு புள்ளியை அப்படியே நகலெடுப்பது) போட்டால் கூவம் கரை படிக்கட்டு மாதிரி வெட்டிக்கொண்டு நிற்கும்.

பதில் 3:
கப்பல் கோடு உங்க தப்பில்லை. சென்சார் எல்லா பேண்டையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை, அதற்குள் கப்பல் நகர்ந்துவிடும். தயவுசெய்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் மாதிரி இடத்துக்குத் தாவரக் குறியீடு (செடிகொடி எவ்வளவு என்று பேண்டுகளிலிருந்து காட்டும் எண்) கணக்கிட இந்தப் படத்தை எடுக்காதீங்க, மூல 30 மீட்டர் பேண்டுகளே சரி.