துபாய்: பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்? அவசரம்

பரந்தன் பிள்ளை:
வணக்கம். நான் வந்து மூன்று கிழமைதான். பிள்ளைகள் இரண்டும் ஒரே அறைக்குள் கிடந்து அழுகை. சின்னவன் விடிந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்கிறான், "அம்மம்மா வீட்டை போவம்" என்று. வெள்ளிக்கிழமை மாமியும் விசிட் விசாவில் வந்து இறங்குகிறா. இவருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. "நீ விசாரிச்சு வை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதிகச் செலவில்லாத இடம் யாராவது சொல்லுங்கள்.

மல்லாவி மாமா:
பிள்ளை, முதலில் ஊர் சுற்றுகிற யோசனையை விடுங்கள். நான் 2011-இல் வந்தபோது கம்பெனி கேம்பில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். கடல் எந்தப் பக்கம் என்றே ஏழு மாதம் தெரியாது. அம்மா தந்துவிட்ட புழுக்கொடியலைப் பால்மா ரின்னுக்குள் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன். நாளுக்கு ஒரு துண்டுதான். அது முடிந்த அன்றைக்குத்தான் அழுதேன். காசைச் சேருங்கள். பள்ளிக்கூடத்துக்கு இடம் எடுத்தாச்சா?

முறிகண்டிக் கச்சான்:
மாமா, அவ கேட்டது வேறு. தங்கச்சி, கண்ணை மூடிக்கொண்டு மிராக்கிள் கார்டன் என்கிற பூந்தோட்டத்துக்குப் போங்கள். முழு அளவில் ஏ380 விமானம் ஒன்றைப் பூவாலேயே மூடி வைத்திருக்கிறார்கள். பிறகு குளோபல் வில்லேஜ், பல நாட்டுக் கடைகளும் விளையாட்டுகளும் இருக்கிற திடல். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அங்கே போனால் நடுச்சாமமானாலும் வெளிக்கிட மாட்டார்கள்.

நெடுங்கேணியான்:
அண்ணை, இது ஆகஸ்ட்! இரண்டும் பூட்டு. சஃபாரி பார்க்கும் பூட்டு. எல்லாம் ஒக்டோபர் பக்கம்தான் திறக்கும். நான் வந்த வருடம் உங்களைப்போல ஒருவர் சொன்னதை நம்பி டாக்சி பிடித்துப் போய், கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். தங்கச்சி, துபாய் மோலுக்குப் போங்கள். ஒரு கோடி லீட்டர் தண்ணீர் பிடிக்கும் மீன்தொட்டி. உள்ளே போகத்தான் டிக்கெட், கண்ணாடிக்கு வெளியே நின்று சுறாவும் திருக்கையும் பார்க்கக் காசில்லை.

மன்னார்க் கடல்:
மோலா? மெட்ரோவில் இறங்கினால் உள்ளே போய்ச் சேர ஏசிப் பாலத்தில் கால் மணித்தியால நடை. பிறகு ஒவ்வொரு விளையாட்டுச் சாமான் கடை வாசலிலும் சின்னது தரையில் படுத்து அழும். ராஸ் அல் கோர் சதுப்பு நிலத்துக்குப் போங்கள், பூநாரை பார்க்கலாம். இலவசம்.

முறிகண்டிக் கச்சான்:
விமானம் ஏறி வந்து, மன்னார் வங்காலையில் நிற்கிற பறவையையா பார்க்கச் சொல்கிறீர்கள்?

நெடுங்கேணியான்:
அதுவும் மாரியில்தான் கூட்டமாக வரும். இப்போது போனால் சேற்றைத்தான் பார்க்கலாம்.

ஒட்டுசுட்டான் கிங்:
பறவை கிடக்கட்டும், ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போய்வருகிறவர்களை யார் பார்க்கிறார்கள்? காலையில் ஒன்றரை மணித்தியாலம், பின்னேரம் இரண்டு. முருங்கைக்காய் விலையைப் பார்த்தால் ஊரில் வேலியோடு வெட்டி எறிந்ததை நினைத்து நெஞ்சு வலிக்குது. வெளிவேலைக்காரருக்காவது ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 இலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை இல்லை. குசினியில் அடுப்படியில் நிற்கிற எனக்கு எந்தச் சட்டமும் இல்லை.

மல்லாவி மாமா:
அதைத்தான் தம்பி நானும் சொல்ல வந்தேன். எங்கள் காலத்தில்...

புதுக்குடியிருப்பு அக்கா:
கொஞ்சம் நிற்பாட்டுங்கள் எல்லாரும். தங்கச்சி, பிள்ளைகளுக்கு என்ன வயது? வீடு எந்தப் பக்கம்? கார் இருக்கா? மாமி நடப்பாவா?

பரந்தன் பிள்ளை:
ஐயோ, அதைச் சொல்ல மறந்துபோனேன் அக்கா. மகளுக்கு ஏழு, மகனுக்கு மூன்றரை. டெய்ராவில் பனியாஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கார் இல்லை. மாமிக்கு முழங்கால் நோ.

புதுக்குடியிருப்பு அக்கா:
பனியாஸ் என்றால் பாதிக் கவலை விட்டது. பகலில் வெளியே இறங்கவே வேண்டாம். ஞாயிறு பின்னேரம் ஆறரைக்கு வெளிக்கிட்டு சப்கா படகுத்துறைக்கு நடவுங்கள், கிட்டத்தான். அங்கே ஓடையைக் கடக்கிற அப்ரா என்கிற மரப்படகு நிற்கும், ஆளுக்கு ஒரு திர்ஹாம். படகு நடுவில் பலகை, சுற்றிவரத் தண்ணீர். சின்னவனின் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள், வேறு தடுப்புக் கிடையாது. அக்கரையில் பழைய சந்தை. மாமியை ஓரிடத்தில் இருத்திவிட்டுப் பிள்ளைகளோடு சுற்றலாம்.

திரும்பி வரும்போது படகு வேண்டாம், அல் குபைபாவில் மெட்ரோ ஏறுங்கள். அது அதே ஓடைக்கு அடியால் சுரங்கத்துக்குள் போகும். போகும்போது தண்ணீருக்கு மேலே, வரும்போது கீழே என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பனியாஸ் மூன்றாவது தரிப்பு. ஐந்து வயதுக்குக் கீழே காசில்லை. மற்றவர்களுக்கு நோல் கார்ட் என்கிற பயண அட்டை வேண்டும்.

மாமிக்குக் கோயில்தான் முதலில் கேட்கும். ஜெபல் அலியில் 2022-இல் திறந்த பெரிய கோயில் இருக்கு, பிள்ளையாரும் இருக்கிறார். ஆனால் உங்களுக்குத் தூரம், இன்னொரு ஞாயிறுக்கு வையுங்கள்.

முல்லைத்தீவுத் தம்பி:
அக்கா சொல்லாமல் விட்டது ஒன்று: மெட்ரோவுக்குள் சாப்பாடு, தண்ணீர், சுவிங்கம் எதுவும் வாயில் வைக்காதீர்கள். மகன் அழுகிறானே என்று பணிஸைப் பிய்த்துக் கொடுத்தேன், 100 திர்ஹாம் தண்டம். பிழை என்னுடையதுதான், வாசலிலேயே படம் போட்டிருந்தது. அந்தப் பணிஸ் ஒன்றரைத் திர்ஹாம்.

நெடுங்கேணியான்:
படச்சட்டம் மாதிரி நிற்கிற துபாய் பிரேம் கட்டடத்தையும் பாருங்கள். 150 மீற்றர் உயரம், மேலே கண்ணாடித் தரை.

புதுக்குடியிருப்பு அக்கா:
வேண்டாம். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஐம்பது திர்ஹாம் அளவில் கொடுத்து மேலே ஏறி, மாமி கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பா. குளிர் தொடங்கியதும் ஸபீல் பூங்காவுக்குப் போங்கள். வாசலில் ஐந்து திர்ஹாம், புல்லில் பாய் விரித்து இருந்தால் பிரேம் முழுதாகத் தெரியும்.

பரந்தன் பிள்ளை:
திங்கள் காலை எழுதுகிறேன். நேற்றுப் போனோம். சின்னவன் அக்கரையில் இறங்க மாட்டேன் என்று ஒரே பிடி, இரண்டு தரம் போய்வந்தோம். மாமி முறிகண்டியில் வாங்கின கச்சான் (வேர்க்கடலை) பையோடு வந்து படகுக்காரருக்கும் ஒரு கை கொடுத்தா. மெட்ரோவில் பையைத் திறக்கவே விடவில்லை! இன்றைக்கும் காலையில் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நின்றான், ஆனால் கேட்டது படகு. எல்லோருக்கும் நன்றி.

இன்னுமொன்று. மகளுக்குப் பல்லு வலி, முகம் வீங்கியிருக்கு. எங்கே காட்டலாம்? அவசரம்.

மல்லாவி மாமா:
பிள்ளை, எனக்கு 2012-இல் கடைவாய்ப் பல்லு...

புதுக்குடியிருப்பு அக்கா:
மாமா, பொறுங்கள். தங்கச்சி, காய்ச்சல் இருக்கா? இன்சூரன்ஸ் கார்ட் வந்திட்டுதா?