மூன்று மாதக் கன்று என்னைத் தரையில் இழுத்துக்கொண்டு போனது, இதெல்லாம் சகஜம்தானா?

புதுக்கறவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக மாமாவின் பண்ணையில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் மாட்டுக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை. பதினோரு கறவை, நாலு கிடேரி, ஒரு காளைக்கன்று, கொஞ்சம் செம்மறி, கோழிகள். வேலை பிடித்திருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன்.

போன மாதம் மூன்று மாதக் கன்று ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நழுவாமல் இருக்கட்டும் என்று கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். தாயின் குரல் கேட்டதும் ஒரே பாய்ச்சல். குதிகாலை ஊன்றி நிறுத்தலாம் என்று நினைத்ததுதான் தெரியும், அடுத்த நொடி குப்புற விழுந்து பத்துப் பதினைந்து அடி மண்ணில் தேய்ந்துகொண்டே போனேன். மோதிர விரலின் தோல் ஒரு பக்கம் முழுக்க உரிந்துவிட்டது. கட்டுப்போட்ட டாக்டர், விரல் மிஞ்சியதே பெரிது என்றார். இத்தனைக்கும் அந்தக் கன்று என்னைவிட எடை கூடியிருக்காது.

அது ஆறுவதற்குள் இன்னொன்று. இருப்பதிலேயே சாதுவான பசு, அதன் தொடையில் காய்ந்துபோன சாணத்தைச் சுவரோரம் நின்று தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈ கடித்ததோ என்னவோ, ஒரு எட்டு என் பக்கம் நகர்ந்தது. அவ்வளவுதான், சுவருக்கும் அதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன், மூச்சு விடவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை, கையால் தள்ளினால் இன்னும் என் மேல்தான் சாய்கிறது. அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றது. ஒரு கவளத்தை விழுங்குவது, அடுத்தது கழுத்துக்குள் உருண்டையாக ஏறி வருவது, எல்லாம் கண்ணெதிரே தெரிந்தது. அதுவாக நகர்ந்த பிறகுதான் வெளியே வந்தேன். விலா எலும்பில் கீறல்.

இரண்டிலும் அதுகளுக்குக் கோபமே கிடையாது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எங்கே தப்புச் செய்கிறேன்? அப்புறம் அந்தக் காளைக்கன்று. தாய் செத்துப்போனதால் புட்டிப்பால் கொடுத்து நான்தான் வளர்த்தேன், இப்போது ஏழு மாதம். என்னைப் பார்த்தால் ஓடி வந்து தொடையில் முட்டி விளையாடும். மாமா மகளுக்கு ஆறு வயது, அவளும் அதன் நெற்றியைப் பிடித்துத் தள்ளி விளையாடுகிறாள். இதை விடலாமா?

பழையதொழுவம் எழுதியது:

தம்பி, முப்பது வருஷமாக மாட்டோடு இருக்கிறேன். முதலில் அந்தக் கயிறு விஷயம். கயிற்றைக் கையில் சுற்றுகிற பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். கையிலும் கூடாது, இடுப்பிலும் கூடாது, மீதக் கயிறு காலடியில் வளையமாகக் கிடக்கவும் கூடாது. மடித்துப் பிடித்தால் இழுக்கும்போது உருவிக்கொண்டு போய்விடும், சுற்றிப் பிடித்தால் விரல் போய்விடும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டைவிரல் பாதிதான் இருக்கிறது, கிடேரி மிரண்டபோது கயிறு சுருக்குப் போட்டு இழுத்ததில் போனது. மாட்டை நிறுத்தவேண்டும் என்றால் தூணையோ மரத்தையோ ஒரு சுற்றுச் சுற்றி அதன் பலத்தில் பிடியுங்கள். கட்டும்போது உருவு முடிச்சுப் போடுங்கள், கயிற்றின் தொங்கும் முனையை இழுத்தால் ஒரே நொடியில் அவிழ வேண்டும்.

கன்றுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தோன்றும். கறவைப்பசு 400 கிலோவில் இருந்து 700 கிலோ வரை இருக்கும், பெரிய காளை 1000 கிலோவைத் தாண்டும். ஏரிலோ வண்டியிலோ பூட்டிய மாடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையை மணிக்கணக்கில் சளைக்காமல் இழுக்கும். மிரண்டு பாய்கிற நொடியில் அதைப்போலப் பல மடங்கு வரும். உங்கள் கன்று உங்கள் எடைதான் என்கிறீர்கள், ஆனால் அதற்கு நாலு கால், உடம்பு தாழ்வாக இருக்கிறது, குளம்பு மண்ணைக் கவ்வுகிறது. நமக்கு இரண்டு கால், இழுப்போ இடுப்புக்கு மேலே வருகிறது, விழாமல் என்ன செய்வோம்?

சுவர் விஷயத்தில் நீங்கள் தள்ளியதுதான் தப்பு. மாட்டை ஒரு பக்கம் அழுத்தினால் அது அந்தப் பக்கமே சாயும், அதன் இயல்பு அப்படி. வெளிப்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்துத் தலையைத் திருப்பினால் உடம்பு தானாக வரும். இதற்கெல்லாம் முன்னால், மாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் போகவே கூடாது. கழுவ வேண்டிய பக்கம் சுவரோரம் என்றால் மாட்டைத் திருப்பிக் கட்டிவிட்டுக் கழுவுங்கள், இரண்டு நிமிஷ வேலை. தொழுவத்தில் இரண்டு மூன்று இடத்தில் ஆள் பக்கவாட்டில் நுழைந்து வெளியேறும் அளவுக்கு, ஒரு 35, 40 சென்டிமீட்டர், இடைவெளி விட்டு வையுங்கள். மாடு நுழையாது, நீங்கள் தப்பலாம்.

அப்புறம் பார்வை. மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் 330 பாகை அளவுக்குத் தெரியும், ஆனால் நேர் பின்னால் தெரியாது. அங்கிருந்து சத்தமில்லாமல் போய்க் கை வைத்தால் மாடு என்ன நினைக்கும், ஏதோ மிருகம் வந்து பிடித்தது என்றுதான். தோள் பக்கமாகப் போங்கள், பேசிக்கொண்டே போங்கள், முதலில் முதுகில் கை வைத்துவிட்டு அந்தக் கையை எடுக்காமலே பின்பக்கம் வாருங்கள். குதிரை நேராகப் பின்னால் உதைக்கும். மாடு அப்படியில்லை, காலை முன்னால் தூக்கிப் பக்கவாட்டில் வீசிப் பின்னால் கொண்டுபோகும், அதனால் மடிக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் அடி. ஒன்று உடம்போடு ஒட்டி நில்லுங்கள், இல்லை நன்றாக எட்டி நில்லுங்கள். ஒட்டி நின்றால் உதை வேகம் எடுப்பதற்குள் உங்கள் மேல் படும், தள்ளுவது போலத்தான் இருக்கும். ஒரு கை தூரம் இருக்கிறதே, அங்கேதான் எலும்பு முறியும்.

மருந்துப்பை எழுதியது:

தம்பி, நான் கால்நடை மருத்துவர். அண்ணா சொன்னது எல்லாம் சரி, அதைத் திரும்பச் சொல்லவில்லை. உங்கள் கேள்வியில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்தக் காளைக்கன்றுதான்.

அந்த விளையாட்டை இன்றே நிறுத்துங்கள். கூட்டத்தில் வளர்ந்த காளை இன்னொரு காளையோடு முட்டிப் பார்த்துத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். தனியாக, மனிதர் கையில் புட்டிப்பால் குடித்து வளர்ந்த காளைக்கு நீங்கள்தான் அதன் கூட்டம். பருவம் வந்ததும் முட்டிப் பார்க்க வேண்டிய ஆளும் நீங்கள்தான். பாசமாக வளர்த்தால் சாதுவாக இருக்கும் என்பது பசுவுக்குப் பொருந்தும், காளைக்குத் தலைகீழ். கையில் வளர்ந்த காளைக்கு மனிதரிடம் பயமே இருக்காது, ஆபத்து அதில்தான் இருக்கிறது. இப்போது தொடையில் முட்டுவது இன்னும் ஒரு வருஷத்தில் நெஞ்சில் முட்டும்.

உடனே அதே வயதுக் கன்றுகளோடு விடுங்கள். இனப்பெருக்கத்துக்குத் தேவையில்லை என்றால் இப்போதே காயடித்துவிடுவது நல்லது, அதற்கு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நெற்றியைத் தொடவோ தள்ளவோ யாரையும் விடாதீர்கள், குறிப்பாக அந்தக் குழந்தையை.

அமெரிக்காவில் அயோவா, கான்சஸ், மிசௌரி, நெப்ராஸ்கா என்ற நாலு மாநிலங்களில் 2003 முதல் 2008 வரை மாட்டால் இறந்த 21 பேரின் விவரம் வெளியாகியிருக்கிறது. 10 பேர் தனிக் காளையால், 6 பேர் தனிப் பசுவால், 5 பேர் கூட்டமாக வந்த மாடுகளால் இறந்தவர்கள். பசு என்றால் பயமில்லை என்பவர்கள் அந்த 6 என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அநேகமாக எல்லாமே தலையிலோ நெஞ்சிலோ விழுந்த அடி. ஒருவர் மட்டும் வேறு மாதிரி. மாட்டுக்குப் போட வைத்திருந்த மருந்து ஊசி சட்டைப்பையில் இருந்தது, பசு தள்ளி விழுந்ததில் அது அவர் உடம்பிலேயே ஏறிவிட்டது. அதைப் படித்த நாளிலிருந்து ஊசியை மூடி போடாமல் பையில் வைப்பதில்லை, யாரையும் வைக்க விடுவதும் இல்லை.

காளை முட்ட வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் வரும். பக்கவாட்டில் திரும்பி நின்று தன் உடம்பு முழுதும் காட்டும், கழுத்தை வளைக்கும், தலையைத் தாழ்த்தும், கண் பிதுங்கும், முன்காலால் மண்ணைப் பறிக்கும். பார்த்தால் ஓடாதீர்கள், முதுகையும் காட்டாதீர்கள். அதன் மேல் கண்ணை வைத்துக்கொண்டே மெதுவாகப் பக்கவாட்டில் வேலிக்கு நகருங்கள். பாய்ந்துவிட்டால் கையில் இருக்கிற வாளியையோ சட்டையையோ அதன் முன்னால் வீசுங்கள், ஒரு நொடி கிடைத்தாலும் கிடைத்ததுதான். ஈன்ற பசுவும் இதே கணக்குத்தான், முதல் சில நாள் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் ஒருக்காலும் போகாதீர்கள், நாயைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள்.

விரலில் மண் பட்ட காயம் என்றீர்களே, டெட்டனஸ் ஊசி போட்டீர்களா?

மறிக்கூட்டம் எழுதியது:

மாட்டை மட்டுமே பேசுகிறீர்கள், செம்மறியும் இருக்கிறது என்கிறார், அதனால் சொல்கிறேன். என் முழங்கால் மாட்டால் போகவில்லை, கிடாவால் போனது. குட்டியாக இருந்தபோது வீட்டுக்குள் வளர்ந்தது, நெற்றியைத் தேய்த்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். ஒரு நாள் தீவனத் தொட்டியில் குனிந்திருந்தேன். கிடா முட்டுவதற்கு முன் பின்னால் போகும், அதுதான் அடையாளம், எனக்கும் தெரியும். ஆனால் முதுகுப்பக்கம் அது எத்தனை அடி பின்னால் போனது என்று நான் எங்கே பார்த்தேன். பக்கவாட்டில் விழுந்த ஒரே அடியில் தசைநார் கிழிந்து நாலு மாதம் ஊன்றுகோல். எழுந்திருக்கப் பார்த்தால் மறுபடி பின்னால் போகிறது. வாளியைத் தலைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தவழ்ந்தே கதவுக்கு வந்தேன்.

கிடாவுக்கு நெற்றியைத் தடவாதீர்கள், தாடைக்குக் கீழே தடவுங்கள். சேவல் இருந்தால் அதன் கால்முள்ளைப் பாருங்கள், ஆறு வயதுக் குழந்தையின் முகம் சேவல் பாய்கிற உயரத்தில்தான் இருக்கும், கண்ணுக்கு ஆபத்து.

கடிவாளம் எழுதியது:

எனக்கு மாடு தெரியாது, குதிரையோடு பழக்கம். குதிரைத்திறன் என்று ஒரு அலகு வைத்திருக்கிறார்களே, 746 வாட், அது குதிரை நீண்ட நேரம் நிதானமாகச் செய்யும் வேலையை வைத்துப் போட்ட கணக்கு. கொஞ்ச நேர வேகத்தில் ஒரு குதிரை 15 குதிரைத்திறன் வரை கொடுக்கும், அதைக் கயிற்றின் மறுமுனையில் பிடித்து நிறுத்த யாராலும் ஆகாது.

ஒன்று கேட்கிறேன், மாட்டைச் சின்ன வயதிலேயே இரண்டு அடி போட்டு, யார் பெரியவன் என்று காட்டி வைத்தால் பயந்து நடக்கும் என்று எங்கள் பக்கத்துப் பண்ணையில் சொல்கிறார்கள். அது சரியா?

பழையதொழுவம் எழுதியது:

சரியில்லை. மாடு மிரண்டால்தான் ஆளை மிதிக்கிறது, அதைப் பயமுறுத்தி வளர்த்தால் மிரளுவது கூடுமா குறையுமா? அடித்தவர் யார், தடவிக்கொடுத்தவர் யார் என்று மாட்டுக்குப் பிரித்துத் தெரியும். அடிக்கிற ஆள் கறக்க உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொள்ளும், பயத்தில் சுரக்காது. நான் சின்ன வயதில் குச்சி வைத்திருந்தவன்தான், என் அப்பா பிடுங்கிப் போட்டார். தோளுக்குப் பின்னால் ஒரு எட்டு வைத்தால் மாடு முன்னால் போகும், தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும் அல்லது திரும்பும். இதைப் புரிந்துகொண்டால் குச்சியே வேண்டாம். வழியில் நிழலோ தேங்கிய தண்ணீரோ கிடந்தால் மாடு தயங்கும், அதற்கு ஆழம் சரியாகத் தெரியாது, பள்ளமா என்று பார்க்கும். தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்க அரை நிமிஷம் விடுங்கள், தானே தாண்டும்.

மருந்துப்பை எழுதியது:

அண்ணா சொன்னதோடு இரண்டு விஷயம், முட்டு உதையைவிட அமைதியானவை.

மாடு கன்று வீசினாலோ, அதாவது குறைமாதத்தில் கரு கலைந்தாலோ, ஈனும்போது நஞ்சுக்கொடியை எடுத்தாலோ வெறுங்கையால் தொடாதீர்கள், புரூசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய் அப்படித்தான் வருகிறது, மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும். பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள் செம்மறி, வெள்ளாடு குட்டி போடும் இடத்துக்கே போக வேண்டாம். மாடு தொண்டையில் ஏதோ சிக்கியது போல எச்சில் ஒழுக்கிக்கொண்டு, விழுங்க முடியாமல் நின்றால் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதீர்கள், அது வெறிநோயாக இருக்கலாம்.

இரண்டாவது, மூடிய சாணக்குழி. கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும், கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை, அதிகமானால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. வாடை போய்விட்டதே என்று இறங்குகிறார்கள். ஒருவர் விழுந்ததும் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் போவார். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூன்று பேர் என்றெல்லாம் நடக்கிறது. யார் விழுந்தாலும் மூச்சுக்கருவி இல்லாமல் இறங்கக் கூடாது, இதை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

புதுக்கறவை எழுதியது:

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. டெட்டனஸ் ஊசி போடவில்லை, படித்த அன்றே போய்ப் போட்டுக்கொண்டேன். மாமாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், சாணக்குழி பற்றி வந்தபோது இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். சுவரோரம் ஒரு இடத்தில் கம்பி வேலியை வெட்டி 38 சென்டிமீட்டர் வழி வைத்துவிட்டோம், நான் பக்கவாட்டில் நுழைந்து பார்த்தேன், போக முடிகிறது. பாப்பாவைத் தொழுவத்துக்கு வெளியே ஒரு கோட்டில் நிறுத்தியிருக்கிறோம், அங்கிருந்து கிடேரிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

காளைக்கன்றை மற்ற கன்றுகளோடு விட்டாயிற்று, வியாழக்கிழமை டாக்டர் வருகிறார். நேற்று அதைவிடப் பெரிய கிடேரி ஒன்று அதை முட்டித் தள்ளியது, அதுவும் ஒதுங்கிப் போனது. ஆனால் நான் தீவனம் கொண்டுவரும் சத்தம் கேட்டால் இன்னமும் வேலியோரம் ஓடி வந்து கத்துகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி பேசிவிட்டுப் போகிறேன், கை மட்டும் நீட்டுவதில்லை.