கட்டுமானப் பாதுகாப்பில் அரசும் தொழிற்சங்கமும் கைகோப்பதால் பயன் உண்டா?

கேள்வி:
தளப் பாதுகாப்பைக் கண்காணிக்க அரசும் தொழிற்சங்கமும் உடன்பாடு செய்துகொள்வதால் நடைமுறையில் என்ன மாறுகிறது? ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் தலைக்கவசம் அணியும் வழக்கம் ஒழியுமா?

பதில் 1:
ஓரளவு ஒழியும். ஆய்வாளர் எப்போதோ ஒருமுறைதான் வருகிறார். காலையில் சாரத்தில் இருந்த தடுப்புக் கம்பி, பொருள் ஏற்றுவதற்காக மதியம் கழற்றப்பட்டு, மாலைவரை திரும்பப் பொருத்தப்படாமல் கிடப்பதை அங்கே வேலை செய்பவர்தான் பார்க்கிறார். சொன்னவர் பெயர் வெளிவராமல் அந்தத் தகவல் சங்கத்தின் வழியாக ஆய்வாளரைச் சென்றடைவதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

பதில் 2:
பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 167ஆம் உடன்படிக்கை (1988) கட்டுமானத் துறைக்கென்றே உருவானது. அதன்படி, தன் பாதுகாப்புக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாகக் கருத நியாயமான காரணம் இருந்தால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். மேற்பார்வையாளரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். ஏற்பளித்த நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும் என்பது வேறு விஷயம்.

பதில் 3:
உரிமை ஏட்டில் இருக்கிறது, சரி. ஆனால், துணை ஒப்பந்ததாரரிடம் நாட்கூலிக்கு வருபவர் பெரும்பாலும் எந்தச் சங்கத்திலும் இல்லை. விலகி நின்றால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. நான் வேலை பார்த்த ஒரு தளத்தில், முட்டுக் கொடுக்காத பள்ளத்தில் இறங்க மறுத்தவருக்கு அதுதான் நேர்ந்தது. உறுப்பினரல்லாதவருக்காகவும் பேசும் அதிகாரத்தைச் சங்கத்துக்கு உடன்பாடு தருகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.