மத்தி மீன் வழக்கில் வென்றது கோடெக்ஸ் தரமா, ஒப்பந்தமா?

கயல்:
கட்டாயமில்லாத சர்வதேசத் தரங்களை எந்த அரசும் மதிக்காது என்பவர்கள் பெருவின் மத்தி மீன் வழக்கைப் படிக்கட்டும். ஒரே ஒரு மீன் இனத்தைத்தான் 'சார்டின்' (மத்தி) என்று டப்பாவில் விற்கலாம் என ஐரோப்பா 1989-இல் விதி போட்டது. பெருவின் டப்பா மீன் வேறு இனம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் நடத்தும், உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் குழுவின் 1978-ஆம் ஆண்டுத் தரமோ, கடற்பகுதியின் பெயரைச் சேர்த்து 'பசிபிக் சார்டின்' என லேபிளில் எழுத இடம் தருகிறது. அதைக் காட்டியே 2002-இல் உலக வர்த்தக அமைப்பில் பெரு வென்றது. மறு ஆண்டே ஐரோப்பா விதியைத் திருத்தியது.

செங்கதிர்:
வென்றது கோடெக்ஸ் அல்ல. சர்வதேசத் தரம் இருந்தால் அதை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் வர்த்தகத் தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தத்தின் 2.4-ஆம் பிரிவு சொல்கிறது. அது கட்டாயச் சட்டம். அதை நீக்கினால் தரம் வெறும் காகிதம்தான். உணவுப் பாதுகாப்புக்கான இன்னொரு வர்த்தக ஒப்பந்தத்திலும் இதே போன்ற விதி உண்டு. அது இருந்தும், ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சிக்கு ஐரோப்பா விதித்த தடையில் என்ன நடந்தது? 1995-இல் கோடெக்ஸில் அந்த ஹார்மோன்களுக்கான தரம் ஆதரவாக 33, எதிராக 29 என்ற வாக்கில் நிறைவேறியது. 1998-இல் ஐரோப்பா வழக்கில் தோற்றது. ஆனாலும் தடையை விலக்கவில்லை. அமெரிக்கா ஆண்டுக்கு 11.68 கோடி டாலர் வர்த்தகத்தின் மீது பதிலடி வரி போட்டபோதும் அசையவில்லை. மத்தி மீனில் இறங்கிவந்ததற்குக் காரணம், அங்கே இழப்பு சொற்பம்.

கயல்:
செங்கதிர் அவர்களே, ஹார்மோன் வழக்கில் ஐரோப்பா தோற்றது கோடெக்ஸை மீறியதற்காக அல்ல. தடைக்கு முறையான ஆபத்து மதிப்பீடு இல்லை என்பதற்காக. 'அடிப்படையாகக் கொள்வது' என்றால் அப்படியே பின்பற்றுவது அல்ல என்று உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பே தெளிவாகச் சொன்னது. அறிவியல் ஆதாரம் காட்டினால் விலகலாம். அதனால்தான் ஐரோப்பா 17 ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது. மதிக்காத ஒன்றுக்காக யாராவது அவ்வளவு பாடுபடுவார்களா?

மருதன்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 33-க்கு 29 என்பது ஒருமித்த கருத்து அல்ல. மத்தி வழக்கில், ஒருமித்த கருத்தின்றி நிறைவேறிய தரமும் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. கோடெக்ஸ் கூட்டங்களுக்கு நிபுணர் குழுவை அனுப்ப வசதியில்லாத நாடும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். எனக்கு அதுதான் பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

செங்கதிர்:
இதை ஏற்கிறேன், மருதன். ஆனால் 2019 டிசம்பர் முதல் மேல்முறையீட்டு அமைப்பில் வழக்கு விசாரிக்கப் போதிய உறுப்பினர்களே இல்லை. தோற்ற நாடு அங்கே மேல்முறையீடு செய்தால் வழக்கு முடங்கிவிடுகிறது. இன்று அப்படி முடங்கும் வழக்கில் தோற்ற நாடு விதியைத் திருத்துமா? கயல் பதில் சொல்லட்டும்.