நகர்ப்புற வடிவமைப்பில் முதுகலை: இரண்டு வருடம் செலவழிக்கலாமா?

வரைபலகை (மதுரை): பி.ஆர்க் (கட்டடக் கலைப் பட்டம்) முடித்து மூன்று வருடமாகிறது. வீடு, கல்யாண மண்டபம் என்று வரைந்து அலுத்துவிட்டது. தெரு, பூங்கா, பஸ் நிலையம் போன்ற பொது இடங்களில் வேலை செய்ய ஆசை. அகமதாபாத் செப்ட், டெல்லி எஸ்.பி.ஏ. என்ற இரண்டு கல்வி நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்க நினைக்கிறேன். கடன் வாங்கிப் படிக்கும் அளவுக்கு அதில் என்ன கிடைக்கும்?

தெற்குவாசல்: வேண்டாம் தம்பி. நம் ஊர்த் தெருவைத் தீர்மானிப்பது டெண்டரும் அதைப் போடும் பொறியாளரும்தான். ஒப்பந்ததாரர் பக்கம் பதினொரு வருடம் நின்று பார்த்தவன் நான். ஒரு ஊரில் நடைபாதைக்கு அருமையான வரைபடம் வந்தது. முனைக்கு முனை சக்கர நாற்காலி இறங்கச் சரிவு காட்டியிருந்தார்கள். இடத்தில் போய்ப் பார்த்தால், சரிவு வரவேண்டிய இடத்தில் வடிகால் மூடி அரை அடி உயரத்தில் நிற்கிறது. வரைபடத்தில் அது இல்லவே இல்லை. கொத்தனார்தான் யோசித்துச் சரிவைத் தள்ளிப் போட்டார். நகரங்களைப் பற்றிய சிந்தனையையே மாற்றிய அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேன் ஜேக்கப்ஸ் எந்தப் பட்டமும் வாங்கியவர் இல்லை.

கூவக்கரை: அந்த மூடியைப் பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் படிக்க வேண்டும் என்கிறேன். எங்கள் முதல் ஸ்டூடியோவில், அதாவது வடிவமைப்பு வகுப்பில், ஆறு வாரம் ஒரு கோடு போட விடவில்லை. ஒரே தெருவில் காலை, மதியம், மாலை நின்று ஆட்களை எண்ணினோம். அங்கே ஒரு பூக்காரம்மா. காலையில் புங்க மரத்துக்கு மேற்கே உட்காருவார்; நிழல் நகர நகரக் கூடையும் நகரும்; நாலு மணிக்கு மரத்துக்குக் கிழக்கே இருப்பார். அவருக்கு ஒரு மஞ்சள் கட்டம் போட்டு ஒதுக்கினால் பாதி நாள் வெயிலில்தான் வியாபாரம். இது எனக்குத் தானாகத் தோன்றியிருக்காது. நியூயார்க்கில் வில்லியம் வைட் இப்படித்தான் கட்டட முன்வெளிகளைப் படம் பிடித்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று கணக்கெடுத்தார். அதை வைத்து 1975-ல் நகர விதியே மாறியது. முன்வெளியில் உட்கார இடம் வைப்பது கட்டாயமானது.

தெற்குவாசல்: வைட்டும் பத்திரிகையாளர்தானே? கட்டடக் கலை படித்தவர் இல்லை. நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள்.

கூவக்கரை: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அதற்காக வருடக்கணக்கில் செலவழித்தார். அலுவலகத்தில் இருந்துகொண்டு உங்களுக்கும் எனக்கும் அந்த நேரம் யார் தருவார்கள்?

மாம்பலத்துக்காரி: நான் இந்தத் துறை இல்லை, தி.நகர்வாசி. பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தது. இப்போது அம்மாவின் கையை விட்டுவிட்டு நடக்க முடிகிறது. அது எங்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் அதற்கு ஆறு வருடம் முன்பே தரைக்கடைக்காரர்களை அடுக்குமாடி வளாகத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். நடந்து போகும்போது கண்ணில் படுவதைத்தான் ஜனம் வாங்கும், ஒரு ஹேர்கிளிப்புக்காக யார் மாடி ஏறுவார்கள்? உங்கள் படிப்பில் இதைச் சொல்லித் தருகிறார்களா?

கூவக்கரை: நல்ல ஆசிரியர் அமைந்தால் உண்டு. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னதே என் ஆய்வேட்டை மதிப்பிட வந்த ஒரு ஜூரிதான். அதே வருடம் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை கொண்டுவந்தது: போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும். காகிதத்தில் நல்ல விதிகள் இருக்கின்றன அக்கா. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் வாதாட ஆள்தான் குறைவு.

தெற்குவாசல்: அந்த ஆளுக்குச் சம்பளம் யார் தருவார்கள்? கடனைக் கட்ட அவரும் மால் வரையத்தான் போவார். என் கண் முன்னால் மூன்று பேர் போனார்கள். அதனால்தான் வேண்டாம் என்கிறேன், படிப்பின் மேல் கோபம் எதுவும் இல்லை.

வரைபலகை: கடன் விஷயம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பூக்காரம்மாவைப் படித்ததும் வேறொன்று உறைத்தது. கீழமாசி வீதியில் பத்து வருடமாக நடக்கிறேன். சுமை இறக்குபவர்கள் வெயில் ஏறினால் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. விண்ணப்பத்துக்கு முன் ஒரு வாரம் அங்கே போய் நிற்கப் போகிறேன்.

தெற்குவாசல்: போங்கள் தம்பி. மழை பெய்த மறுநாள் காலையிலும் ஒரு தடவை போங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, ஜனம் அதை எப்படிச் சுற்றிப் போகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.